கிராமத்துத் தொகுதிக்கு யார் சரியான எம்பி: ஈட்டனில் படித்தவரா, 16 வயதில் பண்ணைக்குப் போனவரா?

#1 ஏரிக்கரையான்

நான் இருப்பது இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்ப்ரியாவில், பென்ரித் ஊருக்குப் பக்கம். வந்து 11 வருஷம் ஆகிறது. பக்கத்து நிலத்துக்காரர் எழுபதைத் தாண்டியவர், மலைச்சரிவில் ஸ்வேல்டேல் ஆடு வளர்க்கிறார். இங்கே வேலி என்றால் சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டுவது. போன வாரம் மழையில் ஒரு பக்கம் சரிந்துவிட, அடுக்கிக்கொடுக்கப் போனேன். பேச்சு எப்படியோ எங்கள் பழைய எம்பி ரோரி ஸ்டூவர்ட் பக்கம் போயிற்று. "ஆள் எப்படி?" என்று கேட்டேன். பெரியவர் ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொருந்தாது என்று கீழே போட்டுவிட்டு, "நல்லா நடப்பான்" என்றார்.

அவ்வளவுதான். ஒன்பது வருஷம் எம்பியாக இருந்தவருக்கு இரண்டே வார்த்தை. பாராட்டா திட்டா என்று இன்னும் புரியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1973இல் ஹாங்காங்கில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் உளவுத்துறையில் பெரிய அதிகாரி. சிறுவயது மலேசியாவிலும் ஸ்காட்லாந்திலும். மேல்தட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு. சில மாதம் ராணுவத்தில், பிறகு வெளியுறவுத் துறை, இந்தோனேசியா, மாண்டினீக்ரோ. 2000இலிருந்து 2002 வரை இரான், பாகிஸ்தான், இந்தியா, நேபாளம், ஆப்கானிஸ்தான் என்று சுமார் 6,000 மைல் கால்நடையாகவே போனார். 2003இல் இராக்கின் மைசான் மாகாணத்தில் துணை நிர்வாகி. பிறகு காபூலில் பழைய கைவினைகளை மீட்கும் ஓர் அறக்கட்டளை. அங்கிருந்து ஹார்வர்டில் பேராசிரியர். 2010இல் கன்சர்வேடிவ் கட்சியின் பென்ரித் அண்டு தி பார்டர் எம்பி.

இந்தப் பட்டியலில் ஆடு எங்கே வருகிறது? அதுதான் என் கேள்வி.

#2 கேள்விக்குமரன்

அண்ணே, சென்னையிலிருந்து ஒரு சின்ன சந்தேகம். அந்த ஊரில் பிறக்கவில்லை, படிக்கவில்லை, வேலை பார்க்கவில்லை. எப்படி சீட் கொடுத்தாங்க? மேலிடத்து உத்தரவா?

#3 சட்டப்புள்ளி

மேலிடத்து உத்தரவு இல்லை குமரன். 2009இல் எம்பிக்களின் செலவுக் கணக்கு ஊழல் வெடித்து நாறிப்போயிருந்த நேரம். கன்சர்வேடிவ் தலைவர் டேவிட் கேமரன், "அரசியலில் இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம்" என்று கதவைத் திறந்தார். அப்படி வந்தவர் ரோரி. முதலில் லண்டனுக்கு மேற்கே பிராக்னெல் தொகுதிக்குப் போய்த் தோற்றார், பிறகுதான் பென்ரித். சிறுவயதில் கொஞ்ச காலம் லேபர் கட்சி உறுப்பினராகவும் இருந்திருக்கிறார், அதை அவரே மறைத்ததில்லை.

ஆனால் தொகுதியையும் பாருங்கள். பரப்பில் இங்கிலாந்தின் மிகப் பெரிய தொகுதிகளில் ஒன்று. ஸ்காட்லாந்து எல்லையிலிருந்து ஏரி மாவட்டத்தின் ஓரம் வரை. 1955இலிருந்து 1983 வரை வில்லியம் வைட்லா எம்பி. தாட்சர் அமைச்சரவையில் உள்துறை அமைச்சராக இருந்தவர். அவரைப் பிரபுக்கள் சபைக்கு அனுப்பியபோது வந்த இடைத்தேர்தலில் கன்சர்வேடிவ் வேட்பாளர் டேவிட் மெக்லீன் வெறும் 552 ஓட்டில் தப்பினார். கட்சிக்கு எழுதிக்கொடுத்த தொகுதி என்று நினைத்தால் மலைக்காரர்கள் அப்படித்தான் ஒரு தட்டு தட்டுவார்கள்.

ரோரி 2010இல் 11,241 ஓட்டு வித்தியாசத்தில் வந்தார். 2015இல் அது 19,894. வெளியூர்க்காரர் என்று தள்ளியிருந்தால் இந்த எண் ஏறியிருக்காது.

#4 டெவன்மாப்பிள்ளை

அந்த எண் கட்சிக்கு விழுந்தது, ஆளுக்கு இல்லை. 2015இல் நாடு முழுக்கக் கிராமப்புறங்களில் லிபரல் டெமாக்ரட் ஓட்டு சரிந்தது, அந்த அலைதான்.

நிஜமான கிராமத்து எம்பி வேண்டுமா? நீல் பேரிஷ். எங்கள் பக்கத்துத் தொகுதி, டிவர்டன் அண்டு ஹானிட்டன், டெவன் மாவட்டம். அவரும் 2010இல்தான் நாடாளுமன்றத்துக்கு வந்தார், ரோரியோடு ஒரே வகுப்பு. 1956இல் பிறந்தவர். சாமர்செட்டில் குடும்பப் பண்ணை. 16 வயதில் பள்ளியை விட்டுவிட்டுப் பண்ணையை நடத்தப் போனார். கவுன்சிலர், அப்புறம் 1999இலிருந்து பத்து வருஷம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில். அங்கே 2007இலிருந்து 2009 வரை விவசாயக் குழுவுக்கே தலைவர். ஐரோப்பிய விவசாய மானியம் எப்படி ஓடுகிறது என்று சாணி மிதித்த காலோடும் தெரியும், கோப்பு புரட்டிய கையோடும் தெரியும். அப்படி இரண்டும் சேர்ந்த எம்பி எத்தனை பேர்?

அவர் ஏலச்சந்தைக்கு வந்தால் மாட்டைப் பார்ப்பார். மற்றவர்கள் வந்தால் கேமராவைப் பார்ப்பார்கள்.

#5 கிண்டல்கோவிந்து

பேரிஷ் என்ன பார்த்தார் என்பது உலகத்துக்கே தெரியுமே மாப்பிள்ளை 😄 டிராக்டர் வாங்கலியோ டிராக்டர்!

#6 நெறியாளர்

கோவிந்து, அதற்கும் நேரம் வரும். இழை இப்போதுதான் சூடு பிடிக்கிறது, அதற்குள் கெடுக்காதீர்கள்.

#7 ஏரிக்கரையான்

மாப்பிள்ளை சொல்வதில் ஞாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ரோரிக்கு இங்கே பெரிய அடி விழுந்ததே அந்த இடத்தில்தான். ஜெயித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரு பத்திரிகைக்காரரிடம், தொகுதியின் சில பகுதிகள் ரொம்பப் பின்தங்கியவை, ஆட்கள் சணல் கயிற்றால் கால்சட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்கிற மாதிரி பேசிவிட்டார். அச்சில் வந்தது. மன்னிப்பு கேட்டார்.

வேடிக்கை என்னவென்றால் அது பொய்யில்லை. என் பக்கத்து நிலத்துக்காரரின் இடுப்பில் இன்றைக்கும் வைக்கோல் கட்டு கட்டுகிற கயிறுதான். கேட்டும் கட்டுவார், நாயும் கட்டுவார், கால்சட்டையும் கட்டுவார். வறுமை இல்லை, கைக்குக் கிடைப்பது அது. ஆனால் வெளியூர்க்காரன் அதைச் சொல்லக் கூடாது. நம்ம வீட்டுக் கிழவியை நாம் "பைத்தியக்காரி" என்போம், விருந்தாளி சொன்னால் இலையை எடுத்துவிட மாட்டோமா?

#8 பழைய_பெற்றோல்செட்

ஒரு விசயம் நான் சொல்லுறன், ஒருத்தரும் சொல்லேல்லை. 2001இல நான் கார்லைலுக்குக் கிட்ட ஒரு பெற்றோல் செட்டில இரவு வேலை. அந்த வருசம்தான் கோமாரி வந்தது. நாடு முழுக்க அடி, ஆனா கம்ப்ரியாவுக்கு விழுந்த அடிதான் ஆக மோசம். நோய் வந்த பண்ணை மட்டுமில்லை, பக்கத்துப் பண்ணை மாடு, ஆடு எல்லாத்தையும் சுட்டவங்கள். நாட்டில 60 லட்சத்துக்கு மேல பிராணிகள். ரோட்டில மருந்து ஊத்தின வைக்கோல் பாய் விரிச்சிருக்கும், அதுக்கு மேலதான் கார் ஏறிப் போகவேணும். இரவில தூரத்தில நெருப்புத் தெரியும். அந்த மணம் உடுப்பில ஏறினா போகாது. கார்லைலுக்கு மேற்கால கிரேட் ஓர்ட்டன் எண்ட பழைய விமானத் தளத்தில கிடங்கு வெட்டி லட்சக்கணக்கில தாட்டவங்கள்.

ஒருநாள் விடியக் காலமை ஒரு விவசாயி வந்தவர். பெற்றோல் அடிக்கேல்லை. ஒரு பால் போத்தல் மட்டும் எடுத்துக்கொண்டு காசைத் தந்தவர். பால்மாடு வச்சிருந்த ஆள் பிள்ளையள், கடையில பால் வாங்கினவர். நான் ஒண்டும் கதைக்கேல்லை.

அந்த வருசம் ரோரி ஸ்டூவர்ட் எங்க இருந்தவர்? பாகிஸ்தான், இந்தியா, நேபாளம் எண்டு நடந்துகொண்டு இருந்தவர். அதில பிழை இல்லை. ஆனா அந்த மண்ணுக்கு நடந்த பெரிய சாவீட்டில அவர் இல்லை. அதுக்குப் பிறகு எவ்வளவு நடந்தாலும் அந்த இடம் வெறுமைதான்.

#9 கேள்விக்குமரன்

ஐயா, அந்தப் பால் போத்தல் மனசை என்னமோ பண்ணிடுச்சு.

#10 ஏரிக்கரையான்

ஐயா சொன்ன பிறகு பேசவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் ரோரி கணக்கில் வரவு ஒன்றையும் எழுத வேண்டும்.

இந்தப் பள்ளத்தாக்குகளில் ஃபோன் எடுக்காது. ஆடு ஈனும் பருவத்தில் ராத்திரி மலைமேல் ஒருவன் கால் முறிந்து கிடந்தால் கத்தினால்தான் உண்டு. மருத்துவமனையில் வேலை பார்ப்பவன் நான், வீட்டு வாசலில் ஆன்கால் ஃபோன் எடுக்காமல் மேட்டுக்கு ஓடியிருக்கிறேன். ரோரி வந்ததும் பிடித்துக்கொண்ட விஷயம் இதுதான், இணையமும் செல்ஃபோனும். வேட்பாளரானதிலிருந்தே தொகுதியை ஊர் ஊராக நடந்து பார்த்தவர். கேட்ட இடமெல்லாம் முதல் புகார் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஆல்ஸ்டன் என்கிற மலையூரில் ஜனங்களே சேர்ந்து சைபர்மூர் என்று ஓர் இணைய அமைப்பை நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்த மாதிரி, கம்பெனி வரும்வரை காத்திருக்காமல் ஊரே பள்ளம் தோண்டிக் கேபிள் போடுவதை அவர் ஊக்குவித்தார். கேமரன் 2010இல், ஊர்க்காரர்களே பொதுவேலையை எடுத்துச் செய்யும் "பெரிய சமூகம்" திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த நான்கு பகுதிகளில் எங்கள் ஈடன் பள்ளத்தாக்கும் ஒன்று. திட்டத்தின் பெயர் செத்துப்போயிற்று, கேபிள் மண்ணுக்குள் இருக்கிறது.

#11 சட்டப்புள்ளி

இங்கே ஒரு நுணுக்கம். 4ஜி அலைக்கற்றை ஏலத்துக்கு முதலில் பேசப்பட்ட நிபந்தனை மக்கள்தொகையில் 95 சதவீதம் பேருக்குச் சேவை. கேட்கும்போது நல்ல எண்தான். ஆனால் மீதி 5 சதவீதம் யார்? நகரத்தில் அந்த 5 கிடையாது. அது முழுக்க மலை, பள்ளத்தாக்கு, தீவு. 2011இல் ரோரி பின்வரிசை எம்பியாக, அதாவது அமைச்சர் பதவி இல்லாத சாதாரண எம்பியாக, ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: 98 ஆக்குங்கள் என்று. கட்சி பேதமில்லாமல் நூற்றுக்கும் மேற்பட்ட எம்பிக்கள் சேர்ந்தார்கள். 2013 ஏலத்தில் ஓ2 செல்ஃபோன் கம்பெனி வாங்கிய உரிமத்தோடு அந்த 98 வந்தது.

அவர் பின்னால் வகித்த எல்லாப் பதவியையும் விட இந்த மூன்று சதவீதத்தைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். பின்வரிசை எம்பி ஒருவர் வாழ்நாளில் செய்யக்கூடியது இவ்வளவுதான், பலர் இவ்வளவும் செய்வதில்லை.

#12 டெவன்மாப்பிள்ளை

சரி, செல்ஃபோன் டவர் வரவு வைத்தாயிற்று. இப்போது பேரிஷ் கணக்கு.

2020 மே 13. பிரெக்ஸிட்டுக்கு, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதற்கு, பிறகு வரும் விவசாய மசோதா. பேரிஷ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சாரம் எளிது: நம் விவசாயி எந்த விதிக்குக் கட்டுப்பட்டு வளர்க்கிறானோ, இறக்குமதியாகிற உணவும் அதே தரத்தில் இருக்க வேண்டும். குளோரினில் கழுவிய கோழி, ஹார்மோன் ஊசி போட்ட மாட்டிறைச்சி என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. ஆளுங்கட்சிக்காரர் ஆளுங்கட்சி மசோதாவையே எதிர்த்து நிற்கிறார். 277க்கு 328, தோற்றது. கன்சர்வேடிவ் ஆட்கள் 22 பேர் கொறடாவை மீறி அவரோடு நின்றார்கள்.

தோல்விதான். ஆனால் விவசாயிகள் சங்கம் நடத்திய கையெழுத்து இயக்கம் பத்து லட்சத்தைத் தாண்டியது. கடைசியில் வணிக ஒப்பந்தங்களை விவசாயக் கோணத்தில் பார்க்கும் ஓர் ஆணையத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுக்க அரசு இறங்கிவந்தது. பிறகு ஆஸ்திரேலியாவோடு ஒப்பந்தம் போட்டார்கள். அப்போது விவசாய அமைச்சராக இருந்த ஜார்ஜ் யூஸ்டிஸே, பதவி போன பிறகு 2022 நவம்பரில், அது நமக்கு நல்ல ஒப்பந்தம் இல்லை என்று சபையில் சொன்னார். பதவியில் இருக்கும்போதே சொன்னவர் பேரிஷ்.

#13 கேள்விக்குமரன்

கொறடாவை மீறினால் பதவி பறிபோகாதா? நம்ம ஊர்ல கட்சித்தாவல் சட்டம் இருக்கே.

#14 சட்டப்புள்ளி

அங்கே அந்தச் சட்டம் இல்லை. அமைச்சராக இருந்தால் வேலை போகும். பின்வரிசையில் இருந்தால் முறைப்பார்கள், பதவி உயர்வு கிடைக்காது. ரொம்ப மீறினால் கட்சிக் குழுவிலிருந்து நீக்குவார்கள், எம்பி பதவி அப்போதும் இருக்கும். பேரிஷ் 2015இலிருந்து சுற்றுச்சூழல், உணவு, கிராமப்புற விவகாரக் குழுவின் தலைவர். அந்தத் தலைவரை எம்பிக்களே ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுக்கிறார்கள், பிரதமர் கை வைக்க முடியாது. அதுதான் அவருக்குத் துணிச்சல்.

இன்னொரு சுவாரஸ்யம். 2015 மே மாதம் ரோரி அதே துறையில் துணை அமைச்சர் ஆனார். அடுத்த மாதம் பேரிஷ் அந்தத் துறையைக் கேள்வி கேட்கும் குழுவுக்குத் தலைவர். ஈட்டன்காரர் பதில் சொல்லும் நாற்காலியில், பண்ணைக்காரர் கேள்வி கேட்கும் நாற்காலியில். நீங்கள் கேட்ட போட்டி நிஜமாகவே ஒரே துறைக்குள் நடந்திருக்கிறது.

#15 ஏரிக்கரையான்

அந்த வருஷ டிசம்பரை மறக்க முடியுமா. 5ஆம் தேதி, டெஸ்மண்ட் புயல். ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341 மில்லிமீட்டர், நாட்டிலேயே அதுவரை இல்லாத பதிவு. ஆப்பிள்பி ஊருக்குள் ஈடன் ஆறு. கார்லைலில் ஆயிரக்கணக்கான வீடுகள். அல்ஸ்வாட்டர் ஏரி வடிகிற வாயில் 1764இல் கட்டிய பூலி பாலம், 250 வருஷம் நின்றது, அந்த வார இறுதியில் போய்விட்டது. கிளென்ரிடிங் கிராமத்தில் ஓடை தெருவுக்குள் கல்லை உருட்டிக்கொண்டு வந்தது.

வெள்ளத்துக்குப் பொறுப்பான அமைச்சரே எங்கள் எம்பி. வந்தார், சேற்றில் நின்றார், ராத்திரி பகலாகச் சுற்றினார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதுவே அவருக்குச் சிக்கல். 2009இலேயே இங்கே பெரிய வெள்ளம் வந்திருந்தது, அதற்குப் பிறகு கட்டிய தடுப்பையும் தாண்டித்தான் இது வந்தது. ஜனங்கள் "தடுப்பு ஏன் தாங்கவில்லை" என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டிய அரசும் அவர்தான், கேள்வியைக் கொண்டுபோக வேண்டிய எம்பியும் அவர்தான். சாதாரண எம்பியாக இருந்தால் எங்களோடு சேர்ந்து கத்தியிருப்பார். அமைச்சரானதால் கத்த முடியவில்லை.

புதுப் பாலம் 2020இல் திறந்தது. எஃகு, வளைவாக, அழகாகத்தான் இருக்கிறது. அதற்குள் ரோரி எம்பியே இல்லை.

#16 கிண்டல்கோவிந்து

அந்தத் துறையில் அவர் செய்த மாபெரும் சாதனையை மறந்துட்டீங்களே. முள்ளெலி! 2015 நவம்பரில் முள்ளெலிப் பாதுகாப்பு பற்றிச் சபையில் ஒரு விவாதம். சும்மா ரெண்டு வரி படிச்சுட்டுப் போக வேண்டிய அமைச்சர், பத்து நிமிஷத்துக்கு மேல் இலக்கியம், வரலாறு, உயிரியல்னு பொழிஞ்சு தள்ளிட்டார். துணை சபாநாயகரே மெச்சினார். இன்னைக்கும் அந்த வீடியோ சுத்துது.

#17 டெவன்மாப்பிள்ளை

இதைத்தான் நான் சொல்கிறேன். அவருக்கு முள்ளெலி ஒரு அருமையான பேச்சுப்பொருள். பேரிஷுக்கு அது வேலியோரத்தில் பார்க்கும் பிராணி.

சரி, கோவிந்து ஆசைப்பட்ட இடத்துக்கு நானே வருகிறேன். மறைக்க ஒன்றுமில்லை. 2022 ஏப்ரல். சபைக்குள் உட்கார்ந்து ஃபோனில் ஆபாசப் படம் பார்த்தார் என்று அவர் கட்சிப் பெண் எம்பிக்களே புகார் சொன்னார்கள். முதலில் பெயர் வெளிவரவில்லை, பிறகு வந்தது. ஏப்ரல் 30 அன்று பிபிசிக்குப் பேட்டி கொடுத்து ராஜினாமாவை அறிவித்தார். முதல் முறை டிராக்டர் பார்க்கப் போய் அதே மாதிரிப் பெயர் கொண்ட தளத்துக்குள் விழுந்தேன், இரண்டாம் முறை வேண்டுமென்றே போனேன், அதுதான் என் பெரிய குற்றம் என்றார். கண் கலங்கியது. இரண்டு முறை நடந்தது என்று அவராகவே ஒத்துக்கொண்டார்.

எனக்கு வருத்தம் வேறு. அதே ஏப்ரல் மாதம்தான் அவர் குழு ஓர் அறிக்கை கொடுத்திருந்தது. உணவு, விவசாயத் துறையில் 41 லட்சம் வேலையிடங்களில் முந்தின ஆகஸ்டில் சுமார் 5 லட்சம் காலி. கசாப்புக்காரர் இல்லாததால் நல்ல பன்றிகளைப் பண்ணையிலேயே கொன்று வீசினார்கள். அதைப் பற்றி ஒரு வாரம் பேப்பரில் பேசியிருக்க வேண்டும். டிராக்டர் ஜோக் எல்லாவற்றையும் உழுதுவிட்டுப் போயிற்று.

#18 தேம்ஸ்நதிக்காரி

மாப்பிள்ளை அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கமிருந்தும் ஒரு வரி எழுதுங்கள். வேலை செய்கிற இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் அதைத் திறந்து வைத்திருந்தால் எனக்கு எப்படி இருக்கும்? நல்ல விவசாயி என்பதால் அது சிறிதாகிவிடாது. அறிக்கையை அமுக்கியது ஜோக் இல்லை, அவருடைய ஃபோன்.

#19 டெவன்மாப்பிள்ளை

சரிதான் தங்கச்சி. வாங்கிக்கொள்கிறேன்.

முடிவையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் அவர் ஜெயித்த வித்தியாசம் 24,239. 2022 ஜூன் 23 இடைத்தேர்தலில் லிபரல் டெமாக்ரட் ரிச்சர்ட் ஃபுர்ட் 6,144 ஓட்டில் ஜெயித்தார். பிரிட்டன் இடைத்தேர்தல் வரலாற்றில் இவ்வளவு பெரிய வித்தியாசம் புரண்டது அதுவே முதல் முறை. அதில் பேரிஷ் மேல் இருந்த கோபம் கால் பங்குதான். மீதி போரிஸ் ஜான்சனின் லாக்டவுன் விருந்துகள். எங்கள் ஊரில் கதவு தட்ட வந்தவர்களிடம் ஜனங்கள் பேசியதும் அதைத்தான்.

#20 பழைய_பெற்றோல்செட்

ரோரியும் ஜோன்சனாலதான் போனவர். 2019 ஜூன் கன்சர்வேடிவ் கட்சித் தலைமைப் போட்டியில நிண்டவர். முதல் சுற்று 19, இரண்டாம் சுற்று 37, மூண்டாம் சுற்று 27, வெளிய. செப்டம்பர் 3 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில அரசுக்கு எதிரா நிண்ட 21 பேரையும் ஜோன்சன் கட்சிக் குழுவில இருந்து தூக்கினவர், அதில இவரும் ஒராள். செய்தி ஃபோனில மெசேஜா வந்தது எண்டு அவரே சொன்னவர். ஒக்டோபரில கட்சியையே விட்டுட்டு லண்டன் மேயருக்கு நிக்கப் போறன் எண்டு வெளிக்கிட்டவர், கோவிட் வந்து தேர்தல் தள்ளிப்போக அதையும் விட்டவர். இப்ப பொட்காஸ்ட்.

ஏரிக்கரை தம்பி, உங்கட ஈடன் சனம் 2016இல ஐரோப்பிய ஒன்றியத்தில இருந்து வெளியேறத்தான் வாக்குப் போட்டது. இவர் இருக்கவேணும் எண்டவர். பிறகு பிரதமர் தெரேசா மேயின்ர பிரெக்ஸிட் ஒப்பந்தத்துக்கு வக்காலத்து வாங்கினவர். ரேடியோவில 80 வீதமான சனம் ஆதரிக்குது எண்டிட்டு, கேட்ட உடன அது நான் சும்மா சொன்ன எண் எண்டு ஒத்துக்கொண்டவர். ஒத்துக்கொண்டதுக்கு மரியாதை. ஆனா எண்ணை ஏன் உருவாக்கவேணும்?

#21 சட்டப்புள்ளி

ஐயா, இருவருமே பிரெக்ஸிட்டில் இருக்க வேண்டும் என்ற பக்கம் நின்றவர்கள். இருவருடைய பகுதியும் வெளியேற ஓட்டுப் போட்டது. பண்ணைக்காரர் என்பதால் பேரிஷ் தன் ஜனங்களோடு ஒரே மனதாக இருந்தார் என்று இல்லை. மானியம் எங்கிருந்து வருகிறது என்று அறிந்தவருக்கு அது கையை விட்டுப் போகும் என்பதும் தெரியும். பழைய நேரடி மானியம் 2021இலிருந்து படிப்படியாகக் குறைந்துகொண்டே வருகிறது.

#22 கேள்விக்குமரன்

இன்னொரு சந்தேகம். நேற்று ஒரு கட்டுரையில் "எம்பி வெள்ளிக்கிழமை தோறும் சர்ஜரி செய்கிறார்" என்று இருந்தது. எம்பி டாக்டரா?

#23 ஏரிக்கரையான்

😂 இல்லை தம்பி. தொகுதி ஆட்கள் நேரில் வந்து குறை சொல்லும் நேரத்துக்கு இங்கே சர்ஜரி என்று பெயர். ஊர் மண்டபத்திலோ நூலகத்திலோ உட்காருவார்கள். இங்கே பெரும்பாலும் மானியப் பணம் வரவில்லை, பேருந்தை நிறுத்திவிட்டார்கள், வங்கிக் கிளை மூடுகிறது, இப்படித்தான்.

ஆனால் நீ நினைத்த மாதிரி ஆளும் எங்களுக்கு வாய்த்தார்! ரோரிக்கு அடுத்து 2019இல் வந்த நீல் ஹட்சன் கால்நடை மருத்துவர். கோமாரி சமயத்தில் வேலை பார்த்தவர். பெற்றோல்செட் ஐயா கேட்ட அந்த வெறுமையான இடத்தில் நின்றவர் என்றே சொல்லலாம். பேரிஷ் தலைமை வகித்த அதே குழுவில் உறுப்பினராகவும் இருந்தார்.

அவரும் இப்போது இங்கே இல்லை. 2024இல் தொகுதி எல்லையை மாற்றினார்கள், பென்ரித் அண்டு தி பார்டர் என்ற பெயரே ஒழிந்தது. அவர் லண்டன் ஓரத்தில் எப்பிங் ஃபாரஸ்ட் தொகுதிக்குப் போய் ஜெயித்தார். இங்கே புதிதாக வந்த பென்ரித் அண்டு சால்வே தொகுதி லேபருக்குப் போயிற்று.

#24 டெவன்மாப்பிள்ளை

எங்கள் பக்கமும் அதே கதை. தொகுதி இரண்டாக உடைந்தது, இரண்டும் லிபரல் டெமாக்ரட். ஆக ஈட்டன்காரர், பண்ணைக்காரர், மாட்டு வைத்தியர் மூவர் இருந்த இடத்திலும் இன்று கன்சர்வேடிவ் கட்சியே இல்லை.

#25 ஏரிக்கரையான்

இன்று காலை வேலி வேலை முடிந்தது. பெரியவரிடம் இந்த இழையைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊர்க்காரர்கள் உங்கள் எம்பியைப் பற்றி நாலு நாளாகச் சண்டை போடுகிறார்கள் என்றதும் சிரித்தார். "நல்லா நடப்பான்" என்றது பாராட்டா என்று கேட்டேன். "நடக்கிறவன் கண்ணுக்குச் சரிந்த வேலி தெரியும், காரில் போகிறவனுக்குத் தெரியாது" என்றார். சரி, பாராட்டுதான் என்று எழுத ஃபோனை எடுத்தேன். "தெரியும், ஆனால் நின்று கல் அடுக்க மாட்டான், அடுத்த ஊருக்கு நடக்கணுமே" என்று சேர்த்துக்கொண்டார்.

பிறகு மாப்பிள்ளைக்காக பேரிஷ் கதையைச் சொன்னேன். 16 வயதில் பள்ளியை விட்டது, குடும்பப் பண்ணை, ஐரோப்பா, திருத்தம், எல்லாம். கவனமாகக் கேட்டார். "பண்ணை எங்கே?" என்றார். சாமர்செட் என்றேன். "தொகுதி?" டெவன் என்றேன்.

"அப்போ அவனும் வெளியூர்தானே" என்றார்.

#26 டெவன்மாப்பிள்ளை

ஐயா பக்கத்து மாவட்டம்தான், எல்லையிலிருந்து கூப்பிடு தூரம்! அதைச் சொன்னீர்களா?

#27 ஏரிக்கரையான்

சொன்னேன். அதற்குள் நாயைக் கூட்டிக்கொண்டு மேலே போய்விட்டார்.